லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போகும் பிள்ளைகளின் பல்லைக் காப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 4 வயதில் மகளும் 8 வயதில் மகனும் இருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் தென்காசிப் பக்கம் உள்ள ஆச்சி வீட்டுக்குப் போய் மே மாதம் முழுக்க இருப்பார்கள். அங்கே சர்பத், ஐஸ், கருப்பட்டி மிட்டாய், கலர் சோடா என்று நாள் முழுக்க வாயில் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். போன வருஷம் திரும்பி வந்தபோது மகளுக்கு இரண்டு பல்லில் சொத்தை. ஆசையாகக் கொடுக்கும் பெரியவர்களிடம் “எதையும் தராதீர்கள்” என்று சொல்லவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

“எதையும் தராதீர்கள்” என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. குழந்தைகளின் பல்லைப் பார்க்கும் மருத்துவராக இதை முழு நிச்சயத்தோடு சொல்கிறேன். ஒரு நாளில் எத்தனை தடவை இனிப்பு பல்லில் படுகிறது, ராத்திரி தூங்கப் போகும்போது பல்லில் என்ன ஒட்டியிருக்கிறது, இந்த இரண்டையும் கட்டுக்குள் வைத்தால் கோடையில் வரும் சொத்தையில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். ஆச்சியிடம் பேச வேண்டியதெல்லாம் நேரத்தைப் பற்றித்தான்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் எந்தப் பண்டத்தை எப்போது கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். பல்லின் மேல் எந்நேரமும் ஒரு கிருமிப் படலம் ஒட்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் பிசுபிசுவென்று தெரிவது அதுதான். அதில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள், நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. 1940-களில் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, இந்தப் படலத்தின் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார். சில நிமிடங்களிலேயே அமிலம் விறுவிறுவென்று ஏறுகிறது. பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. அமிலம் ஏற ஏற பிஎச் என்ற அளவு குறையும்; அது சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேலோடான எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். எச்சில் ஊறி அமிலத்தைத் தணித்ததும், அந்த எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி பல்லில் படியும். இப்படிக் கரைவதும் நிரம்புவதும் தினமும் எல்லோர் வாயிலும் நடக்கிறது. நிரம்புவதற்கு நேரமே கிடைக்காமல் கரைந்துகொண்டே போனால் சொத்தை.

இப்போது ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் அதை ஐந்து நிமிஷத்தில் குடித்து முடித்தால், ஒரு மணி நேரத்துக்குள் வாய் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே சர்பத்தை வாட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, விளையாட்டுக்கு நடுவே நினைத்தபோதெல்லாம் ஒரு மடக்கு என்று காலை முழுக்கக் குடித்தால், ஒவ்வொரு மடக்குக்கும் அமிலம் புதிதாக ஏறும். உள்ளே போன சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான். பல்லுக்கு ஏற்படும் சேதம் ஒன்றல்ல.

இதற்குக் கிடைத்த மிக வலுவான ஆதாரம் ஸ்வீடனில் இருந்து வந்தது. அது வந்த விதம் மிகவும் வேதனையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், லுண்ட் நகருக்குப் பக்கத்தில் விப்பேஹோல்ம் என்ற மனநல விடுதியில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு அவர்கள் சம்மதமே இல்லாமல் விதவிதமாகச் சர்க்கரை கொடுத்து, பல் எப்படிக் கெடுகிறது என்று சில ஆண்டுகள் பார்த்தார்கள். அவர்களில் பலருடைய பற்கள் பாழாயின. இன்று எந்த நாட்டிலும் அனுமதிக்க முடியாத கொடுமை அது. ஆனால் 1954-ல் வெளியான அதன் முடிவைப் பல் மருத்துவம் இன்றும் ஒதுக்கிவிட முடியவில்லை: சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை, சாப்பாட்டுக்கு இடையில் பல்லில் ஒட்டும் டாஃபியைத் தின்றவர்களுக்கு எக்கச்சக்கமாகக் கூடியது. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் ஸ்வீடனில் பரவியது இதற்குப் பிறகுதான்.

கோடையில் மட்டும் ஏன் இப்படி என்றால், பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் பிள்ளையின் வாய்க்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. காலை டிபன், இடைவேளையில் ஒரு பிஸ்கட், மத்தியானச் சாப்பாடு, வீட்டுக்கு வந்ததும் பலகாரம், ராத்திரி சாப்பாடு. நடுவில் மணிக்கணக்காகப் பல்லுக்கு ஓய்வு. லீவு விட்டதும் அந்த அட்டவணை போய்விடுகிறது. வெயிலில் தாகம் எடுக்கும்போதெல்லாம் இனிப்பான ஏதோ ஒன்று உள்ளே போகிறது. போதாக்குறைக்கு, உடம்பில் தண்ணீர் குறைந்தால் எச்சிலும் குறையும். ஓடியாடிவிட்டு வாயால் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு வாய் இன்னும் காய்ந்துபோகும். பல்லைக் காக்கும் எச்சில் குறைந்த நேரத்தில்தான் சர்க்கரை கூடுதலாக வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் குல்ஃபி, அப்படியே பாயில் தூக்கம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பதால் அந்தக் குல்ஃபியின் சர்க்கரை விடியும்வரை பல்லில் கிடக்கும்.

இனி பண்டங்களுக்கு வருவோம். இங்கே பெற்றோர் பயப்படும் வரிசை ஒன்று, பல்லுக்கு ஆபத்தான வரிசை வேறொன்று.

கப் ஐஸ்கிரீமுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டால் அது பல்லை விட்டுச் சீக்கிரம் போய்விடும். அதைவிடப் பல மடங்கு மோசமானது கல்கோனா. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பிள்ளைகள் மணிக்கணக்கில் சப்புவார்கள். பொறுமை போய்க் கடித்தால் பல்லே தெறிக்கும். கமர்கட், ஜவ்வு மிட்டாய், டாஃபி, குச்சியில் வரும் லாலிபாப் எல்லாம் இதே வகை. ஒன்று நெடுநேரம் வாயில் கிடக்கும், அல்லது கடைவாய்ப் பல்லின் குழிகளில் அப்பிக்கொண்டு தண்ணீருக்கும் அசையாது. குச்சி ஐஸும் சேமியா ஐஸும் நடுவே வரும். சர்க்கரைத் தண்ணீரை உறைய வைத்ததுதான் என்றாலும், சப்பிச் சப்பி அரை மணி நேரம் இழுப்பார்கள். பஞ்சு மிட்டாய் வாயில் வைத்ததும் கரைந்துவிடுவதால் பல்லைப் பொறுத்தவரை சுமார் ரகம். ஆனால் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தில் எதை விற்றாலும் வாங்காதீர்கள்.

க்ரீம் பிஸ்கட்டை யாரும் மிட்டாய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. மாவும் சர்க்கரையும் சேர்ந்து கடைவாய்ப் பல்லில் பசையாக ஒட்டும் பண்டம் அது. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு பாக்கெட் வாங்கி வருவார்கள். டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

கருப்பட்டியும் வெல்லமும் பற்றி ஆச்சியோடு வாக்குவாதம் வரலாம். “சீனிதானே கெடுதல், இது நம்ம பனங்கருப்பட்டி” என்பார்கள். சமையலில் கருப்பட்டிக்கு இருக்கும் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். பல்லில் இருக்கும் கிருமிக்கு இரண்டும் ஒன்று. சொல்லப்போனால் எல்லாச் சர்க்கரையிலும் சுக்ரோஸ்தான் அதற்கு மிகவும் வாகானது; அதிலிருந்து ஒரு பிசினைத் தயாரித்து அதைக்கொண்டே பல்லில் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தேனுக்கும் விலக்கு இல்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய் சத்தானது, சந்தேகமில்லை. வெல்லப்பாகு பல்லில் ஒட்டும் என்பதிலும் சந்தேகமில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒரு துண்டு கொடுங்கள். டிரவுசர் பையில் நாலைந்து போட்டு அனுப்பாதீர்கள்.

குடிக்கும் சமாச்சாரங்களில்தான் கோடையில் அதிகச் சர்க்கரை போகிறது. கலர், கோலா வகைகளில் 100 மில்லிக்கு 10 கிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருக்கும். பாக்கெட்டில் வரும் மாம்பழ ஜூஸும் பெரும்பாலும் குறைந்ததல்ல. அமெரிக்க இதய சங்கம் 2016-ல் சொன்ன வரம்பு, 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள். 2 வயதுக்குக் கீழே சேர்த்த சர்க்கரையே வேண்டாம். 250 மில்லி கலர் ஒன்றே அந்த நாள் வரம்பை முடித்துவிடும். அதோடு கலரில் சர்க்கரை போக அமிலமும் இருக்கிறது. கிருமி அமிலத்தை உண்டாக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பாட்டிலிலேயே வந்துவிடுகிறது. “சுகர் ஃப்ரீ” என்று போட்ட கோலாவும் இந்தக் காரணத்தால் எனாமலை அரிக்கும்.

குளுக்கோஸ் பவுடரைக் கையில் கொட்டி நக்குவது நம் பிள்ளைகளின் கோடைக்காலப் பழக்கங்களில் ஒன்று. வெயிலுக்குத் தெம்பு என்று பெரியவர்களே கொடுப்பார்கள். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது தேவையே இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் சோர்ந்துபோன நிலை இவற்றுக்கெல்லாம் கொடுக்க வேண்டியது ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அதில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டும்தான், கூடவே உப்புகள். பல வருஷமாக ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டு, ஜூஸைப் போல இனிக்கும் பானங்களை டெட்ரா பாக்கெட்டில் விற்றுவந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்ற எழுத்துகள் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எனவே மருந்துக் கடையில் தண்ணீரில் கலக்கும் பொடிப் பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள், பின்னால் இருக்கும் அளவைப் படியுங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது பல்லைப் பற்றி யோசிக்காமல் ஓஆர்எஸ் கொடுக்கலாம்.

தென்காசிப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. நுங்கு தாராளமாகக் கிடைக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர், இனிப்பு லேசானது, ஒட்டாது. பல் மருத்துவராக நான் முழு மனதோடு கையில் கொடுக்கும் கோடைப் பண்டம் அதுதான். சர்க்கரை போடாமல் சாப்பிட்டால். இளநீரில் இயற்கையான சர்க்கரை கொஞ்சம் உண்டு. ஒரே மூச்சில் குடித்தால் கவலை இல்லை. உப்பு போட்ட மோர் இன்னும் நல்லது, பாலின் கால்சியமும் புரதமும் பல்லுக்குத் துணை. வெள்ளரிப்பிஞ்சு, வறுத்த கடலை, சுண்டல் இவற்றை எப்போது கேட்டாலும் கொடுக்கலாம். பதநீர் உடம்புக்குக் குளிர்ச்சி, ஆனால் அதைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. காலை டிபனோடு ஒரு டம்ளர் குடிக்கட்டும்.

மாம்பழத்தை நிறுத்தாதீர்கள். பழத்தைக் கடித்துத் தின்னும்போது சர்க்கரை அதன் சதைக்குள்ளேயே இருக்கிறது, மெல்ல மெல்ல எச்சிலும் ஊறுகிறது. அதையே சீனி போட்டு மில்க் ஷேக்காக அடித்தால் கதை மாறும். மே மாதத்தில் மாம்பழம் தின்னாத பிள்ளைப் பருவம் யாருக்கும் வேண்டாம். சோறு சாப்பிட்ட பிறகு பழம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்ட மாங்காய், புளி, நெல்லிக்காய் ஆகியவற்றில் பயம் வேறு. இவை சொத்தையை விடப் பல் கூச்சத்தைத் தரும், எனாமலை மெல்ல அரிக்கும். தின்றதும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அந்த நிமிஷமே பிரஷ் போட வேண்டாம். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்தால் தேய்மானம் கூடும். அரை மணி நேரம் விடுங்கள். கலர் குடித்த பிறகும் இதே விதி.

இப்போது ஆச்சியிடம் என்ன சொல்வது? பேரப்பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்போது பண்டம் கொடுக்காமல் இருப்பது அவர்களால் ஆகாத காரியம். அதைக் கேட்பதும் நியாயமில்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அத்தை, நீங்க வாங்கி வச்சதை எல்லாம் குடுங்க. மத்தியானம் சோறு சாப்பிட்ட உடனே ஒண்ணு, சாயந்தரம் நாலு மணிக்கு ஒண்ணு. நடுவுல கேட்டா தண்ணி, மோர், நுங்கு.” இப்படிச் சொன்னால் கொடுக்கும் சந்தோஷம் அவர்களிடமே இருக்கும். பெரும்பாலான பெரியவர்கள் இதை மனதார ஒத்துக்கொள்வார்கள். நாலு மணியானால் அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சாப்பாட்டோடு சேரும்போது எச்சில் ஏற்கெனவே நன்றாக ஊறியிருக்கும். மத்தியான இனிப்புக்குத் தனியாக ஓர் அமிலத் தாக்குதல் கிடையாது, சாப்பாட்டோடு சேர்ந்து முடிந்துபோகும். மொத்தத்தில் காலை, மத்தியானம், நாலு மணி, ராத்திரி என்று நான்கு வேளைதான் பல்லுக்கு வேலை.

வீட்டில் ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் டம்ளரோடு வைக்கச் சொல்லுங்கள். தாகம் எடுத்ததும் கைக்கு எட்டுவது தண்ணீராக இருந்தால் சர்பத்தைத் தேடுவது பாதியாகக் குறையும். வெளியே எடுத்துப்போகும் பாட்டிலில் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அழுகையை நிறுத்தவும், சோறு ஊட்டவும், போனைத் திரும்ப வாங்கவும் மிட்டாயை லஞ்சமாகக் கொடுப்பதையும் மெதுவாக மாற்றச் சொல்லுங்கள். அப்படிக் கொடுக்கும் மிட்டாய்க்கு நேரம் காலம் இருக்காது. கோயில் கொடை, கல்யாணம் என்று ஒரு நாள் எல்லாம் தாறுமாறாகிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நாளில் பல் கெடாது. அந்த ராத்திரி பிரஷ் மட்டும் தவறக் கூடாது.

பிரஷ் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் காலையில் பல் விளக்காமல் காபி கிடையாது; ராத்திரியில் பல் விளக்குவதோ விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. பல்லுக்கு அதிக அவசியம் ராத்திரிதான். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டுமே. பால் குடித்துவிட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால், பாலை முதலில் கொடுத்து அப்புறம் பல் விளக்குங்கள், குறிப்பாகச் சீனியோ சத்து மாவோ கலந்திருந்தால். இருமல், சளி சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது. அதையும் பிரஷுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

பேஸ்ட்டில் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளூரைடு பல்லில் கரைந்த இடத்தை மறுபடி நிரப்ப உதவுகிறது, நிரம்பிய இடத்தை முன்னைவிட உறுதியாக்குகிறது. இந்தியாவில் பேஸ்ட்டுக்கு அனுமதித்த உச்ச அளவு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு. அந்த அளவுதான் பிள்ளைகளுக்கும் பலன் தருவது. படம் போட்டு, பழ வாசனையோடு வரும் சிறுவர் பேஸ்ட் சிலவற்றில் ஃப்ளூரைடே இல்லை, சிலவற்றில் பாதி அளவுதான். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறைய வைக்காதீர்கள். விளக்கியபின் துப்பச் சொல்லுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் கழுவிப் போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதலாக இருந்து பல்லில் பழுப்புக் கறை படிந்ததைப் பார்த்தவர்கள் பேஸ்ட்டுக்கும் பயப்படுவார்கள். அது பல் உருவாகும் வயதில் வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வந்தது. பட்டாணி அளவு பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புவதோடு அதைச் சேர்க்க வேண்டாம். உமிக்கரி, செங்கல் பொடி, அடுப்புக்கரி ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், எனாமலைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சி கெடுதல் இல்லை. ஆனால் கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் ஒரு சின்னக் குழந்தையால் அதைக் கொண்டுபோக முடியாது, ஃப்ளூரைடும் அதில் இல்லை.

4 வயது மகளுக்குப் பெரியவர்கள்தான் விளக்கிவிட வேண்டும். 7, 8 வயது வரை பிள்ளையின் கை அந்த வேலைக்குப் பழகியிருக்காது. மடியில் தலையைச் சாய்த்துப் படுக்க வைத்து, மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து விளக்கினால் எல்லாப் பல்லும் தெரியும். பால் பல்லின் எனாமல் நிலைப்பல்லில் பாதி கனம்தான்; அதனால் சொத்தை உள்ளே இறங்குவது வேகமாக நடக்கும். “விழப்போகிற பல்தானே” என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்: முன்பல் 6, 7 வயதில் விழும், கடைவாய்ப் பால் பல் 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டும். இன்னும் ஆறேழு வருஷம் அவள் மெல்ல வேண்டிய பல் அது. முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, கீழிருந்து வரும் நிலைப்பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

மகனைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகக் கவலை. 6 வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைத்திருக்கும். பல்லே விழவில்லையே, இதுவும் பால் பல்தான் என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். அவை ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பற்கள். முளைத்த சில வருஷங்கள் எனாமல் முழுதாக முற்றியிருக்காது, மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கும், பிரஷின் நார் அதற்குள் போகாது. ஜவ்வு மிட்டாய் போகும். அந்தப் பள்ளங்களைப் பிசின் போன்ற பூச்சால் அடைத்துவிடும் சிகிச்சைக்கு சீலன்ட் என்று பெயர். ஊசி இல்லை, பல்லைக் குடைவதில்லை, வலியும் இல்லை. ஊருக்கு அனுப்பும் முன் இதை முடித்துவிட்டால் உங்களுக்கு நிம்மதி. அதே நாளில் இருவருக்கும் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளலாம், சில நிமிஷ வேலை. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசுவார்கள். தனியார் செலவு கட்டுப்படாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் குழு பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும்போது பல்லையும் பார்ப்பார்கள்.

போன வருஷம் மகளுக்கு வந்த இரண்டு சொத்தை அந்த ஒரே மாதத்தில் முளைத்திருக்காது. வெண்சுண்ணாம்புத் தடம்போல் ஆரம்பித்து ஓட்டை விழப் பல மாதங்கள் ஆகும். கோடை அதை விரைவுபடுத்தியிருக்கும். அதனால் ஆச்சியின் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம். அந்த இரண்டையும் அடைத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. அடைக்கவில்லை என்றால் லீவுக்கு முன் செய்துவிடுங்கள். குழந்தை ஒத்துழைக்க மாட்டாள் என்ற பயம் இருந்தால், குடையாமலேயே சொத்தையை நிறுத்தும் சில்வர் டையமைன் ஃப்ளூரைடு என்ற மருந்து இருக்கிறது. தடவிய இடம் கறுத்துப்போகும், அதை மருத்துவர் முன்கூட்டியே சொல்வார். கடைவாயில் அது பெரிய குறையாகத் தெரியாது.

ஊரிலிருந்து வந்ததும் பகல் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, காய்ந்ததும் வெளுப்பாகத் தெரியும் கோடு இருந்தால் அது சொத்தையின் முதல் கட்டம். ஃப்ளூரைடும் ஒழுங்கான சாப்பாட்டு நேரமும் இருந்தால் அதை அங்கேயே நிறுத்தலாம், பல சமயம் திருப்பவும் முடியும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் வீட்டு வைத்தியத்துக்கு வேலை இல்லை. ஒரு பக்கமாகவே மெல்வது, குளிர்ந்ததைக் குடிக்கும்போது முகம் சுளிப்பது, பல்லிடுக்கில் எப்போதும் சோறு சிக்குவது ஆகியவற்றைச் சின்னப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கவனிக்க வேண்டும். ஊரில் இருக்கும்போது திடீரென்று வலி வந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. மாத்திரையைப் பல்லில் வைத்து அழுத்துவதும், கிராம்பு எண்ணெயை நேரடியாக ஊற்றுவதும் ஈறைப் புண்ணாக்கிவிடும். ஈறில் சீழ்க் கொப்புளம் தெரிந்தால் வலி இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்படி ஆச்சியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.